சென்னையிலிருந்து டில்லிக்குக் காரில்: வேலையையும் விடாமல் நாக்பூரில் எத்தனை நாள் தங்குவது?

உங்கள் கேள்வி இது: நீங்களும் மனைவியும் சென்னையிலிருந்து டில்லிக்குக் காரில் போகிறீர்கள், இருவரும் ஓட்டுவீர்கள். உங்களுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை, காலை 11 முதல் இரவு 8 வரை. நடுவில் நாக்பூரில் இரண்டு நாள் தங்கினால் போதுமா, அல்லது எங்கும் அதிகம் தங்காமல் தினமும் அதிகாலையில் 200, 250 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வேலைக்கு உட்காரலாமா? மேலோட்டமாக இது ஊரைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, விடுப்பே எடுக்காமல் 2,200 கிலோமீட்டரைக் கடக்க முடியுமா என்பதுதான். முடியும், ஆனால் இரண்டு நாள் கணக்கு உதவாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் நாக்பூரில் இருங்கள். முன்னும் பின்னும் வரும் இரண்டு வார இறுதிகளில் மட்டும் வண்டியை எடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். சென்னை–ஐதராபாத் சுமார் 630 கி.மீ., ஐதராபாத்–நாக்பூர் சுமார் 500, நாக்பூர்–டில்லி 1,050 சொச்சம். நாலு வழி நெடுஞ்சாலையில் காருக்குச் சட்ட வரம்பு மணிக்கு 100 கி.மீ. என்றாலும், டோல், பெட்ரோல், சாப்பாடு, ஊர்களுக்குள் குறுக்கே வரும் மாடும் டிராக்டரும் எல்லாம் சேர்த்தால் சராசரி 60, 65-ஐத் தாண்டாது. ஆக முதல் சனிக்கிழமை பத்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம். அடுத்த சனிக்கிழமை ஜான்சி வரை சுமார் 590 கி.மீ., மறுநாள் மிச்சம். நாலு நாளும் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் தாங்கும் அளவுதான். இதே ஐந்து நாளை ஐதராபாத்தில் கழித்தால் இணையமும் வாடகைக்குக் கிடைக்கும் வேலையிடங்களும் (கோ-வொர்க்கிங்) இன்னும் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் வார இறுதிக்கு 1,550 கி.மீ. மிச்சம் இருக்கும், நாளுக்கு 775. அந்த வேலை வேண்டாம். நாக்பூரில் ஜீரோ மைல் கல் என்று ஒரு பழைய அளவைக் கல் இருக்கிறது, அதைக் காட்டி இதுவே இந்தியாவின் நடுமையம் என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் பாதைக்கு நடு இதுதான் என்பது மட்டும் உண்மை.

அதிகாலையில் ஓட்டிவிட்டு 11 மணிக்கு லாப்டாப்பைத் திறப்பது காகிதத்தில் அழகான யோசனை. எட்டு மணிக்கு வேலை முடிந்து, சாப்பிட்டு, படுக்கப் பதினொன்று ஆகும். நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணித் தூக்கம். முதல் நாள் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் கண் சொக்கும், அதுவும் விடியற்காலையில், எதிரே வண்டி வெளிச்சம் அடிக்கும்போது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கே 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றுதான் வரம்பு வைத்திருந்தது, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வும் சொன்னது. நீங்கள் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு அதற்கு மேல் ஒன்பது மணி நேரம் வேலை பார்க்கிறேன் என்கிறீர்கள். அது போக, விடுதிகளில் அறை கிடைப்பது பெரும்பாலும் பகல் 12 மணிக்கு, உங்களுக்கு வேண்டியதோ பத்தரைக்கு. ஒரு பஞ்சர், ஒரு லாரி கவிழ்ந்த ஜாம் போதும், கையில் வைத்திருந்த ஒரு மணி நேரம் காணாமல் போகும். எல்லாவற்றையும் விட மோசம், தினம் ஒரு புது அறை, தினம் ஒரு புது வைஃபை, அதன் கோளாறு தெரியவருவது முதல் மீட்டிங்கின் நடுவில். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தூரம் 150 கி.மீ.க்குள், அறை முந்தைய இரவிலிருந்தே உங்கள் பெயரில், மதியம் 2 மணி வரை மீட்டிங் கிடையாது என்றால் ஒரு நாள் அப்படிச் செய்யலாம்.

முதல் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் விலை கூடுதல், அதனால் கும்மிடிப்பூண்டிப் பக்கமே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது. நெல்லூர், ஓங்கோல் தாண்டியதும் விஜயவாடா வரை போகாமல் அத்தங்கி வழியாகத் திரும்பி, பிடுகுராள்ள, மிரியாலகூடா, நல்கொண்டா வழியே நார்கட்பள்ளியில் ஐதராபாத் சாலையைப் பிடிக்கலாம். பகலில் நல்ல சாலை, இரவில் எனக்குப் பிடிக்காது. ஐதராபாத்துக்குள் நுழையவே வேண்டாம். பெத்த அம்பர்பேட்டில் வெளிவட்டச் சாலையில் ஏறி, கட்கேசர், ஷாமிர்பேட் வழியே மேட்சலில் இறங்குங்கள். மேட்சல், கொம்பள்ளிப் பக்கம் தங்கினால் ஞாயிறு காலை நகர நெரிசல் உங்களுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 நேராக காமாரெட்டி, நிர்மல், ஆதிலாபாத். நிர்மலுக்கும் ஆதிலாபாத்துக்கும் இடையே காடும் ஏற்றமும் வரும், போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெங்கங்கா ஆற்றைத் தாண்டினால் மகாராஷ்டிரம், பிறகு பாண்டர்கவடா, ஹிங்கன்காட், பூட்டிபோரி. ஆறரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு நாக்பூர். வெளிச்சம் இருக்கும்போதே சேர்வது முக்கியம். ஏனென்றால் அறையைச் சோதிக்கவும், சரியில்லை என்றால் வேறு இடம் பார்க்கவும் அந்த ஞாயிறு மாலைதான் இருக்கிறது.

சுங்கத்துக்கு, தேசிய நெடுஞ்சாலைகளில் ஓராண்டு அல்லது 200 முறை என்ற ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது, தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். டில்லி போய்த் திரும்புவதாக இருந்தால் லாபம்தான். ஆனால் ஐதராபாத் வெளிவட்டச் சாலை போன்ற மாநிலத்துச் சாலைகளில் அது செல்லாது, அதற்குச் சாதாரண இருப்பும் வேண்டும்.

நாக்பூரில் எந்தப் பக்கம் தங்குவது? நீங்கள் உள்ளே வருவதே வர்தா ரோடு வழியாகத்தான், அந்தச் சாலையை ஒட்டியோ, ராம்தாஸ்பேட், தரம்பேட் பக்கமோ பாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய சென்ட்ரல் அவென்யூவில் வாடகை குறைவு, ஆனால் ஹாரன் சத்தம் மைக்கில் விழும். சீதாபர்டி கடைத்தெரு, காரை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றுவீர்கள். கார் ஐந்து நாளும் விடுதியிலேயே நிற்கட்டும். மெட்ரோவின் இரண்டு தடங்களும் சீதாபர்டியில்தான் சந்திக்கின்றன, வர்தா ரோட்டில் ஒரு தடம் மேலேயே ஓடுகிறது. காலையில் 11 மணி வரை உங்கள் நேரம்தானே. அம்பாஜரி, புட்டாளா ஏரிக்கரை நடக்க நன்றாக இருக்கும். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவிய தீட்சாபூமியும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. காலையில் தர்ரி போகா சாப்பிட்டுப் பாருங்கள், அவலின் மேல் கொண்டைக்கடலைக் காரக்குழம்பு ஊற்றித் தருவார்கள். காரம் தூக்கலான சாவ்ஜி மட்டனை மட்டும் வெள்ளிக்கிழமை இரவுக்கு வைக்காதீர்கள். மறுநாள் 590 கிலோமீட்டர் இருக்கிறது.

தேதி குறிக்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டம் வழக்கமாக டிசம்பரில் நாக்பூரில் நடக்கும். அந்த நாட்களில் நல்ல அறைகள் நிரம்பிவிடும், ஊர்வலங்களும் தடுப்புகளும் சாலைகளை அடைக்கும். விஜயதசமியை ஒட்டித் தீட்சாபூமிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். வர்தா ரோட்டில் ஜாம்டா கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் இருந்தால் நீங்கள் ஊருக்குள் வரும் அதே சாலை நிற்கும். நான்காவது கல்யாண சீசன். இதைத்தான் வெளியூர்க்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். அங்கே கல்யாணங்கள் ‘லான்’ என்னும் புல்வெளி மண்டபங்களிலும் மங்கள் கார்யாலயங்களிலும் நடக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் டிஜே வண்டியோடு மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். உங்கள் கடைசி மீட்டிங் நேரமும் அதுவே. பல விடுதிகளுக்குச் சொந்த லானே உண்டு.

ஆகவே அறை பதிவு செய்வதற்கு முன் தளத்தில் உள்ள படங்களை நம்பாமல் விடுதிக்கே போன் செய்யுங்கள். மராத்தி தெரியாவிட்டாலும் ஹிந்தி தாராளமாக ஓடும். முதலில் கேட்க வேண்டியது, உங்களிடமோ பக்கத்திலோ லான் உண்டா, அந்தத் தேதியில் கல்யாணம் இருக்கிறதா. அடுத்து, சாலைப் பக்கம் இல்லாத பின்பக்க அறை. அறையில் நிஜ மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் உண்டா என்று கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகையை அடித்துவிட்டு அதை மேசை என்பவர்கள் அநேகம், அதில் ஐந்து நாள் உட்கார்ந்தால் கழுத்து போய்விடும். கோடையில் போவதானால் ஏசியா கூலரா என்று தனியாகக் கேளுங்கள். நாக்பூரில் கூலர் சர்வசாதாரணம், காற்று குளிர்ச்சியாகத்தான் வரும், ஆனால் அதன் இரைச்சலில் உங்கள் குரல் எதிர்முனைக்குப் போகாது. கடைசியாக, அந்த அறையிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு எடுத்த வேகச் சோதனையின் படம் ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் ஐந்து நாள் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள், முதலில் ஒரு இரவுக்கு மட்டும் கட்டுங்கள்.

அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம். குழு வீடியோ அழைப்புக்குப் போகவும் வரவும் தலா இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) போதும், நூறு தேவையில்லை. பேச்சை உடைப்பது தாமதமும், அந்தத் தாமதம் நிலையில்லாமல் ஏறி இறங்குவதும்தான். நாற்பது அறைகள் ஒரே இணைப்பைப் பங்கிடும் இடத்தில் மாலை ஏழுக்கு மேல் எல்லோரும் படம் பார்க்க ஆரம்பித்தால் வேகச் சோதனை 40 எம்பிபிஎஸ் காட்டும், குரல் மட்டும் விக்கும். அறைக்குள் கேபிள் துளை இருந்தால் பாக்கியம், அதற்காக ஒரு மூன்று மீட்டர் லேன் கேபிளையும் லாப்டாப்புக்கான மாற்றியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் பெயரும் போன் எண்ணும் கேட்கும் வைஃபை சில மணிக்கு ஒருமுறை வெளியே தள்ளிவிடும், மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்பு நீங்களே வெளியேறி மறுபடி உள்நுழைவது நல்லது. அலுவலக விபிஎன் (அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு) சில விடுதிகளில் இணையவே இணையாது, அங்கே பெரும்பாலும் அது பயன்படுத்தும் யுடிபி 500, 4500 என்ற இணைய வாசல்களை மூடியிருப்பார்கள். சாதாரண இணையப் பக்கங்கள் போகும் டிசிபி 443 வாசல் வழியாகப் போகும் அமைப்பு உங்கள் விபிஎன்னில் உண்டா என்று கிளம்பும் முன்பே ஐடி பிரிவிடம் கேட்டு வையுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு கோளாறு வரும். விபிஎன் இணைந்துவிடும், ஆனால் சில பக்கங்கள் பாதியில் நிற்கும். எம்டியு அளவை, அதாவது ஒரு தடவைக்கு அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவை, 1300 அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

விடுதி வைஃபை எப்படி இருந்தாலும் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் கையில் இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம்மால் பயனில்லை, கோபுரம் படுத்தால் இரண்டும் படுக்கும். குழு வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி தின்னும். மூன்று மணி நேர மீட்டிங் என்றால் நாளுக்கு 2 ஜிபி திட்டம் மதியமே தீரும், அதற்கு மேல் வரும் 64 கேபிபிஎஸ்ஸில் வாட்ஸாப் எழுத்துதான் போகும். வரம்பில்லா 5ஜி என்பது போனில் 5ஜி என்று காட்டும்போது மட்டும்தான், அறையின் மூலையில் 4ஜிக்கு இறங்கினால் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். போனை யுஎஸ்பி வயரில் லாப்டாப்போடு இணைத்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள், வைஃபையில் கொடுப்பதைவிட நிலையாக இருக்கும், சார்ஜும் ஏறும். லாப்டாப்பில் விண்டோஸ் அப்டேட்டையும் புகைப்படங்கள் கிளவுடுக்கு ஏறுவதையும் அந்த ஐந்து நாள் நிறுத்தி வையுங்கள். மின்வெட்டில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் வைஃபை பெட்டி அணைந்து மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். லாப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் மீட்டிங் போய்விடும். விளக்கு அணைந்த நொடியே போனுக்கு மாறுங்கள்.

பகலில் ஒரு வேலையிடத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாக்பூரில் நாள் கட்டணத்துக்கு இடம் தரும் வேலையிடங்கள் இருக்கின்றன, காயத்ரி நகர் ஐடி பார்க் பக்கமும் தேடலாம். ஆனால் இரவு எட்டு மணி வரை திறந்திருக்குமா, பேச மூடிய அறை தருவார்களா என்று கேளுங்கள். பல இடங்கள் ஏழு மணிக்கே விளக்கை அணைப்பார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் நாக்பூர் 45 டிகிரியைத் தொடும். லாப்டாப்புகள் வேலை செய்ய ஏற்ற வெப்பம் பொதுவாக 35 டிகிரி வரை, நிறுத்திய காருக்குள் மதியம் 60 டிகிரிகூடப் போகும். சாப்பிட இறங்கும் அரை மணியில்கூட லாப்டாப்பையும் பவர் பேங்கையும் காரில் விடாதீர்கள். கண்ணாடி உடைத்துத் திருடுவதும் அப்படி நிற்கும் வண்டிகளில்தான். ஓடும் காரில் சார்ஜ் செய்ய, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் 65 வாட் டைப்-சி சார்ஜர் போதும். இன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர், 300 வாட் இன்வெர்ட்டரை முழுதாக இழுத்தால் ஃப்யூஸ் போகும்.

அலுவலகத்தில் சொல்லாமல் போகாதீர்கள். இந்தியாவுக்குள்தானே என்று நினைப்பீர்கள், ஆனால் சில வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் வேலை செய்யும் முகவரியே குறிப்பிட்டிருக்கும். மொபைல் இணையத்தில் உங்கள் ஐபி முகவரி நீங்கள் இல்லாத ஊரைக் காட்டுவது சகஜம், பாதுகாப்புப் பிரிவு கணக்கைப் பூட்டிவிட்டால் அதைத் திறக்க ஒரு நாள் ஓடும். தேதிகளோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது.

காரைப் பார்க்க வேண்டியது திங்கட்கிழமை. 1,130 கி.மீ. ஓடிய பிறகு பிரேக்கில் சத்தமோ, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதோ இருந்தால் திங்கள் காலையிலேயே சர்வீஸில் விடுங்கள். உதிரிபாகம் கையிருப்பில் இல்லையென்றால் வர இரண்டு மூன்று நாள் ஆகும், வெள்ளிக்கிழமை காட்டினால் சனிக்கிழமைப் பயணம் போச்சு. டயர் காற்றை மட்டும் சனிக்கிழமை காலை வண்டி ஓடும் முன் பாருங்கள், கதவோரம் ஒட்டியிருக்கும் முழுச்சுமை அளவுக்கு வையுங்கள். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். புகைச் சான்றும் காப்பீடும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

இரண்டாம் சனிக்கிழமை நாக்பூரிலிருந்து சிவனி போகும் வழி பெஞ்ச் காட்டைக் கடக்கிறது. விலங்குகள் அடியில் போவதற்காக அங்கே சாலையைத் தூண்கள் மேல் தூக்கியிருக்கிறார்கள், அந்தப் பாலங்களில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பிறகு லக்னாதோன், நரசிங்பூர், சாகர், லலித்பூர், ஜான்சி. லலித்பூரும் ஜான்சியும் உத்தரப் பிரதேசம், பெட்ரோல் மத்தியப் பிரதேசத்தைவிட மலிவு, அதனால் சாகரில் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு ஜான்சியில் நிரப்புங்கள். ஞாயிறு குவாலியர், மொரேனா, சம்பல் ஆறு, தோல்பூர், ஆக்ரா வழியே டில்லி.

இதுவரை சொன்ன தூரங்களும் வழியும் மாறாதவை. மாறக்கூடியவை, சாலைப் பணி, விடுதிகளின் தரம், டில்லியின் புகைக் கட்டுப்பாடு. குளிர்காலத்தில் காற்று மோசமானால் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் போன்ற பழைய புகைத் தரக் கார்களை டில்லிக்குள் தடுப்பார்கள், விதி வாரத்துக்கு வாரம் மாறும், உங்கள் கார் பழையது என்றால் ஜான்சியிலிருந்து கிளம்பும் முன் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் குவாலியருக்கு வடக்கே மூடுபனி இருக்கும். அப்போது விடியலில் கிளம்பாதீர்கள், ஒன்பது மணிக்கு மேல் எடுங்கள். டில்லி சேர இரவாகிவிடக்கூடும் என்பதால் அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் முன்கூட்டியே அரை நாள் விடுப்பு கேட்டு வையுங்கள், பனி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.